ஓக் கொட்டை முளைக்கவில்லையா? மரத்தடியிலிருந்து தோட்டம் வரை, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வின்ட்சர் கிரேட் பார்க், பிளென்ஹைம் அரண்மனையை ஒட்டிய ஹை பார்க், நாட்டிங்ஹாம்ஷையரின் ஷெர்வுட் காடு. இங்கிலாந்தில் பல நூறு வயதுள்ள ஓக் மரங்கள் கூட்டமாக நிற்கும் இடங்கள் இவை. அடிமரம் பொந்தாகி, உச்சி காய்ந்து மொட்டையான மரங்கள்கூட காய்க்கின்றன. அந்த மரத்தடியில் நாலு கொட்டை பொறுக்கி வந்து வீட்டில் முளைக்கப்போட ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். முளைக்கப்போட்டு ஏமாந்தவர்கள் அதைவிட அதிகம்.

என்ன கோளாறு என்பதை வைத்து கீழே பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது நடந்ததோ நேரே அங்கே போகலாம். ஆனால் இரண்டு விஷயங்களை மட்டும் எல்லாரும் படித்துவிட்டுப் போங்கள்.

ஒன்று. ஓக் கொட்டை, நெல் உளுந்து போலக் காயவைத்து டப்பாவில் போட்டுவைக்கிற விதை கிடையாது. பலாக்கொட்டை, மாங்கொட்டை வகை. மரத்திலிருந்து விழும்போது அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர்தான். அது 40 சதவீதத்துக்குக் கீழே இறங்க ஆரம்பித்தால் உயிரும் இறங்க ஆரம்பிக்கும். செத்த கொட்டையை எத்தனை நாள் ஊறவைத்தாலும் எழுந்து வராது. ஹீட்டர் ஓடும் அறையில், பார்க்க அழகாக இருக்கிறதென்று கிண்ணத்தில் போட்டு வைத்தால் ஒரு வாரமே அதிகம்.

இரண்டு. முதலில் வருவது வேர். பிரிட்டனின் நாட்டு ஓக்குகள் இரண்டு வகை. கொட்டை நீளக் காம்பில் தொங்கினால் அது இங்கிலிஷ் ஓக். காம்பில்லாமல் கிளையோடு ஒட்டியிருந்தால் செஸைல் ஓக். இரண்டுமே விழுந்த சில வாரங்களில், குளிர் இறுகுவதற்கு முன்பே வேர் விடப் பார்க்கும். தண்டும் இலையும் அடுத்த ஏப்ரல், மே மாதத்தில்தான். நடுவில் இருக்கும் ஐந்தாறு மாதம் மேலே ஒன்றுமே தெரியாது. அந்த மாதங்களில்தான் பலர் பொறுமை இழந்து தோண்டிப் பார்க்கிறார்கள், அல்லது தொட்டியைக் காயப்போட்டுவிடுகிறார்கள்.

மரத்தடியில் கொட்டையே இல்லை

பருவம் சரிதானா என்று முதலில் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து நவம்பர் வரை விழும், அக்டோபர்தான் நடுப்பருவம். பருவம் சரியாக இருந்தும் இல்லையென்றால், அந்த ஆண்டே காய்க்காத ஆண்டாக இருக்கலாம். ஓக் வருடா வருடம் ஒரே அளவாகக் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளில் ஊர் முழுக்க எல்லா மரமும் சேர்ந்தாற்போல் கொட்டித் தீர்க்கும். 2020 அப்படியொரு ஆண்டு. அதற்கு அடுத்த ஆண்டு பெரும்பாலும் கை நனையாது. ஏப்ரல், மே மாதத்தில் பூக்கும் சமயம் கடும் உறைபனி விழுந்தாலும் அந்த ஆண்டு காய்ப்பு போச்சு. தனியாக, சுற்றுவட்டாரத்தில் வேறு ஓக்கே இல்லாமல் நிற்கும் மரமும் சரியாகக் காய்க்காது. மகரந்தம் காற்றில்தான் வர வேண்டும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது ஓக்கில் அரிது.

காய்த்திருந்தும் இல்லையென்றால் யாரோ முந்திவிட்டார்கள். மான், காட்டுப்புறா, அணில், ஜே பறவை எல்லாருக்கும் அக்டோபரில் இதுதான் சாப்பாடு. காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில் போங்கள். மரத்தில் உயிருள்ள கிளை எந்தப் பக்கம் இருக்கிறதோ, வெயில் படும் பக்கம் எதுவோ, அதன் கீழே தேடுங்கள். மிகப் பழைய மரத்தில் ஒரு பக்கம் மொத்தமும் பட்டுப்போய் இன்னொரு பக்கம் மட்டும் காய்ப்பது சகஜம்.

கிளையை உலுக்குவது, கல் எறிவது, ஏறுவது எதுவும் வேண்டாம். முதுமரங்களில் காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளை முறிந்து விழும். காலடி மண்ணும் முக்கியம். நூற்றாண்டுகளாக இலை மக்கி மெத்தென்றிருக்கும் மண்ணை ஆயிரம் பேர் மிதித்தால் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போகாது. ஷெர்வுட்டில் மேஜர் ஓக் என்கிற பெரிய மரத்தைச் சுற்றி வேலி போட்டு ஆட்களைத் தள்ளி நிறுத்தியிருப்பதற்கு இதுவே காரணம். வேலிக்குள் கைவிட்டு எடுக்காதீர்கள். அங்கே மட்டுமில்லை, எந்த முதுமரத்தடியிலும் இலைச்சருகை வாரிக் கிளறாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதைப் பொறுக்கினால் போதும். இடத்துக்குச் சொந்தக்காரரிடமோ பூங்கா நிர்வாகத்திடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பாதுகாக்கப்பட்ட காடுகளில் விதி கடுமையாக இருக்கும். இன்னொன்று: காட்டுத் தோட்டத்துக்காக ஓக் விதையையோ நாற்றையோ விற்க 2002-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு நாலு கொட்டை எடுப்பவரை அது தொடாது. விற்கிற எண்ணம் வந்தால் மட்டும் முதலில் அதைப் படியுங்கள்.

பச்சையாக, தொப்பி பிடித்தபடி விழுந்து கிடக்கிறது

இவை மரம் கழித்துவிட்டவை. செப்டம்பர் முதல் வாரங்களில் விழுபவற்றில் பெரும்பாலானவை பூச்சி அரித்ததோ முற்றாததோதான். ஆசையில் பை நிறைய அள்ளாமல் இரண்டு வாரம் கழித்து வாருங்கள். நல்ல கொட்டை பழுப்பாகவோ, பச்சையில் பழுப்பு ஏறியதாகவோ இருக்கும். லேசாகத் திருகினாலே தொப்பி கழன்று வரும். கழன்ற இடம் வெளுப்பாக, புதிதாகத் தெரியும். கையில் எடுத்தால் கனம் இருக்கும்; ஓட்டின் மேல் பளபளப்பு இருக்கும். மங்கி, சுருக்கம் விழுந்து, விரலால் அமுக்கினால் ஓடு உள்ளே போகிறதென்றால் அது விழுந்து நாளாகி உலர்ந்தது.

கொட்டையில் சின்ன வட்டத் துளை

கூன்வண்டு. ஓக் கொட்டைக்கென்றே ஒரு வண்டு உண்டு. உடம்புக்கு மீறிய நீள மூக்கு. கோடையில் கொட்டை இளசாக இருக்கும்போதே பெண் வண்டு மூக்கால் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிடும். அந்தத் துளை தூர்ந்து, கண்ணுக்கே தெரியாமல் போகும். உள்ளே புழு பருப்பைத் தின்று வளர்ந்து, கொட்டை தரையில் விழுந்த பிறகு ஓட்டில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வந்து மண்ணுக்குள் போய்விடும். ஆக, நீங்கள் பார்க்கிற துளை புழு நுழைந்த வழியல்ல, வெளியேறிய வழி. துளை இல்லாத கொட்டைக்குள்ளும் புழு இருக்கலாம் என்பதுதான் இதில் தொல்லை. பொறுக்கிவந்த கொட்டைகளை ஒரு வாளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் அடியில் வெள்ளையாகக் குண்டுப் புழுக்கள் நெளிவதைப் பார்க்கலாம்.

துளையுள்ளதைத் தூக்கிப் போடுங்கள். கொட்டை ரொம்பக் குறைவாக, அதுவும் முக்கியமான மரத்துடையதாக இருந்தால் மட்டும் ஒரு விதிவிலக்கு. வேர் கிளம்பும் கரு கொட்டையின் கூர்முனையில் இருக்கிறது. புழு தொப்பி ஒட்டியிருந்த பக்கத்தை மட்டும் அரித்திருந்தால் முளைக்க வாய்ப்புண்டு. ஆனால் சேமித்து வைத்த சோறு பாதி போய்விட்டதால் நாற்று சோனியாகத்தான் வரும்.

முறுக்கி, வரிவரியாக, பிசுபிசுவென்று உருக்குலைந்த கொட்டை

நாப்பர் கழலை என்பார்கள். ஒரு குட்டிக் குளவி கோடையின் தொடக்கத்தில் பூவில் முட்டை வைக்க, கொட்டையாக வேண்டியது இப்படி வீங்கிப்போகிறது. முதலில் பச்சையாக, ஒட்டும் பிசினோடு இருக்கும். பிறகு பழுப்பாகி மரம்போல் கெட்டிப்படும். இந்தக் குளவி ஒரு தலைமுறையை இங்கிலிஷ் ஓக்கிலும் மறு தலைமுறையை டர்க்கி ஓக்கிலும் கழிக்கும். டர்க்கி ஓக் 1735-இல் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்ட மரம். குளவி வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். பக்கத்தில் டர்க்கி ஓக் நிற்கிற பூங்காக்களில் சில ஆண்டுகளில் பாதிக் கொட்டை இப்படிக் கெட்டுப்போவதும் உண்டு. மரத்துக்கு இதனால் ஆபத்தில்லை. மருந்து எதுவும் தேவையில்லை. கிடைக்கிற நல்ல கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மூர் நாட்டு மருந்துக் கடையில், வாய்ப்புண்ணுக்கு உரைத்துப் போடவும் குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கவும் வாங்குவோமே மாசிக்காய், அதுவும் இதே சங்கதிதான். மேற்கு ஆசியாவின் ஓர் ஓக் மரத்தில் வேறொரு குளவி முட்டை வைத்து உண்டான வீக்கம். பேரில் காய், உண்மையில் காயே கிடையாது.

தொப்பியில் முடிமுடியாக இருக்கிறது

டர்க்கி ஓக்கின் கொட்டை. இலை குளிர்காலத்திலும் பச்சையாக நின்றால் ஹோம் ஓக். இரண்டும் வெளியூர் மரங்கள். நீங்கள் தேடிப்போன முதுமரத்தினுடையது இல்லை, விட்டுவிடுங்கள்.

தண்ணீரில் போட்டால் மிதக்கிறது

வாளி நிறையத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை எறி, மூழ்குவதை வை என்பதுதான் எல்லாரும் சொல்லும் சோதனை. பெரும்பாலும் சரி. புழு தின்று வெற்றிடம் உண்டானதும் உள்ளே சுருங்கிக் காற்று புகுந்ததும் மிதக்கும். ஆனால் போட்ட உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று நாள் வெயிலிலோ காற்றிலோ கிடந்த நல்ல கொட்டையும் முதலில் மிதக்கும். இரவு முழுக்க ஊறவிட்டு காலையில் பாருங்கள். அப்போதும் மிதந்தால் எறியலாம். தொப்பியோடு போட்டால் எல்லாமே மிதக்கும், ஆகவே தொப்பியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் நாலைந்து கொட்டையைப் பலி கொடுக்க வேண்டியதுதான். கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பருப்பு வெண்மஞ்சளாக, கெட்டியாக, ஓட்டோடு இடைவெளியில்லாமல் நிறைந்திருந்தால் உயிர் இருக்கிறது. ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே சந்து விழுந்திருந்தால் உலர ஆரம்பித்துவிட்டது. பழுப்பு, சாம்பல், கறுப்பு எது தெரிந்தாலும் முடிந்தது. பிளந்த ஐந்தில் நாலு இப்படி இருந்தால் அந்தப் பை மொத்தத்தையும் மறந்துவிட்டு மறுபடி மரத்தடிக்குப் போவதே மேல்.

பையில் பூஞ்சணம், புளித்த வாடை

பொறுக்கியதை உடனே நடுவதுதான் நல்லது. நட முடியாமல் வைக்கத்தான் வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜில், 1 முதல் 4 டிகிரிக்குள், மெல்லிய பாலிதீன் பையில், லேசாக ஈரம் காட்டிய மணலோடோ தேங்காய் நார்த்தூளோடோ கலந்து வைக்க வேண்டும். பை வாயை இறுக்கிக் கட்டக் கூடாது. கொட்டை உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது. காற்றுப்போகாத டப்பாவில் அடைத்தால் இரண்டு வாரத்தில் புளித்த வாடை வரும். ஃப்ரீசர் பக்கம் போகவே வேண்டாம். உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து செத்துவிடும்.

ஓட்டின் மேல் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கழுவி, துணியால் துடைத்து, ஈரத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி வையுங்கள். கவலைப்பட வேண்டியது உள்ளே நடப்பது. பிளந்தால் பருப்பு கறுத்து, ரப்பர் மாதிரி ஆகியிருந்தால் அது கருப்பு அழுகல்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். ஐரோப்பிய நாற்றுப்பண்ணைகளில் இதற்குக் கொட்டைகளை 41 டிகிரி வெந்நீரில் இரண்டரை மணி நேரம் வைத்து எடுப்பார்கள். வெப்பத்தை அந்த அளவிலேயே பிடித்துவைக்கும் கருவி இல்லாமல் வீட்டில் முயலாதீர்கள் என்பேன். நாலைந்து டிகிரி ஏறினாலே பூஞ்சணத்தோடு கொட்டையும் வெந்துவிடும். கறுத்ததைப் பொறுக்கி எறிந்து, மிச்சத்தை அன்றைக்கே நட்டுவிடுவது எளிது.

ஃப்ரிட்ஜிலேயே வேர் விட்டுவிட்டது

நல்ல செய்தி. கொட்டைக்கு உயிர் இருக்கிறது. உடனே தொட்டிக்கு மாற்றுங்கள். வேர் ஒரு அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருந்தால் விரலால் ஆழமாகக் குழி எடுத்து, வேரைக் கீழ்நோக்கி இறக்கி, மடங்காமல் மண்ணை நிரப்புங்கள். நுனி முறிந்துவிட்டதா? போகட்டும். கொட்டை கெட்டியாக இருக்கிற வரைக்கும் அந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று வேராகக் கிளைத்துக்கொள்ளும். நுனி பழுப்பாகக் காய்ந்திருந்தாலும் இதே கதைதான். வேர் மொத்தமும் அடிவரைக்கும் கறுத்திருந்தால் மட்டும் நம்பிக்கை வைக்காதீர்கள்.

தொட்டி எது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அகலம் முக்கியமில்லை, ஆழம்தான் முக்கியம். மேலே இலை தெரிவதற்குள் ஆணிவேர் ஒரு சாணைத் தாண்டிப் போய்விடும். ஆகவே 25, 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் நல்லது. கீழே ஓட்டை போட்ட உயரமான பால் அட்டைப்பெட்டி முதல் ஆண்டுக்கு ஒப்பேறும். கொட்டையைப் படுக்கைவாட்டில் வைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். எது மேல், எது கீழ் என்று குழம்ப வேண்டாம். வேர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்கும். தொட்டி வெளியே, மழையும் குளிரும் படுகிற இடத்தில் இருக்கட்டும். வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தால் சூட்டில் நேரம் தப்பி முளைத்து, வெளிச்சம் போதாமல் நூலாகப் போகும்.

தொட்டியில் போட்ட கொட்டையைக் காணோம்

மண் கிளறியிருந்தால் அணில். மண் கலையாமல் ஒரு சின்னப் பொந்து மட்டும் இருந்தால் சுண்டெலி. எலிக்கு மோப்பம் அபாரம். நட்ட அன்றிரவே வரிசையாக ஒவ்வொரு தொட்டியாகக் காலி செய்துவிட்டுப் போகும்.

வழி ஒன்றுதான்: கம்பி வலை. கோழிவலையின் கண் பெரிசு, சுண்டெலி நுழைந்துவிடும். 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலையைப் பெட்டிபோல் மடித்து, மேலே மட்டுமில்லாமல் பக்கமும் அடியும் மூடுங்கள். பிளாஸ்டிக் வலையைக் கடித்துவிடும். மிளகாய்த்தூள் தூவுகிறவர்கள் உண்டு. பிரிட்டிஷ் மழையில் அது ஒரு நாள் தாங்கினால் பெரிது.

நேரே மண்ணில் நடுபவர்களுக்கும் இதே எதிரிகள்தான். 1580-இல் வின்ட்சரில் 13 ஏக்கர் நிலத்தில் ஓக் கொட்டை விதைக்க, முதலாம் எலிசபெத் ராணியின் அமைச்சரான பர்லி பிரபு உத்தரவிட்டபோது, நிலத்தைச் சுற்றி வேலி அடைப்பதும் அந்த உத்தரவிலேயே இருந்தது. இன்னொரு பக்கம், டிராஃபல்கர் போரில் நெல்சனுக்கு அடுத்த தளபதியாக இருந்த காலிங்வுட், ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டைப்பை நிறைய ஓக் கொட்டையோடு நடக்கப்போய், தோதான இடம் கண்ட பக்கமெல்லாம் மண்ணில் அமுக்கிவிட்டு வருவாராம், பிற்காலக் கடற்படைக்கு மரம் வேண்டுமென்று. அந்த மரங்கள் முற்றுவதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன என்பது வேறு கதை. வேலி இல்லாமல் நடுவதென்றால் காலிங்வுட் வழிதான்: நிறைய, பரவலாக. ஒரே இடத்தில் இருபது நடாமல், இருபது இடத்தில் ஒவ்வொன்று.

ஜே பறவை செய்வதும் இதுதான். நீல இறகுப் பட்டையோடு காக்கை இனத்தைச் சேர்ந்த அந்தப் பறவை, ஓர் இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தூரதூரமாகப் புதைத்துவைக்கும். தின்ன மறந்தவை முளைக்கும். உங்கள் தோட்டத்துப் புல்வெளி நடுவே யாரும் நடாத ஓக் கன்று முளைத்திருந்தால் அனேகமாக அதன் கைங்கரியம். அந்தக் கன்றைக் குளிர்காலத்தில் ஆழமாகத் தோண்டி எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். வாங்குகிற கன்றைவிட மோசமில்லை.

மே மாதம் ஆகியும் மேலே ஒன்றும் தெரியவில்லை

ஜூன் கடைசி வரை பொறுங்கள். ஒரே மரத்துக் கொட்டைகளே இரண்டு மாத இடைவெளியில் வருவதுண்டு. காத்திருக்க முடியாதென்றால் ஒரு தொட்டியில் மட்டும் ஓரமாக மண்ணை விலக்கிப் பாருங்கள்.

வெள்ளை வேர் கீழே இறங்கியிருந்தால் மூடிவிட்டுப் போய்விடுங்கள். தண்டு தானாக வரும். வேர் இல்லை, கொட்டை கெட்டியாக இருக்கிறது என்றால் மண் காய்ந்திருக்கும். நன்றாக நனைத்து மூடுங்கள். அமுக்கினால் கூழாகிறது, வாடை அடிக்கிறது என்றால் தண்ணீர் தேங்கி அழுகிவிட்டது. தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கும், அல்லது மண்ணில் களி அதிகம். ஓடு மட்டும் காலியாக இருந்தால் கூன்வண்டுப் புழு.

இன்னொரு விதமும் உண்டு, இது பலருக்குப் புரியாமல் போகும். கொட்டை முழுசாக, கெட்டியாக இருக்கும்; கூர்முனையில் மட்டும் ஒரு கடி. சாம்பல் அணிலின் வேலை. இந்த அமெரிக்க அணிலை 1876-இல் செஷையரில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று இங்கிலாந்து முழுக்க இதுதான். சீக்கிரம் முளைத்துவிடும் ஓக் வகைகளைப் புதைப்பதற்கு முன் கூர்முனையைக் கடித்துக் கருவைத் துப்பிவிடும். முளைக்காத கொட்டை குளிர்காலம் முழுக்கக் கெடாமல் இருக்கும் என்று அதற்குத் தெரியும். மரத்தடியில் பொறுக்கும்போதே கூர்முனையை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

முளைத்த நாற்றை யாரோ கடித்துவிட்டார்கள்

இலை மட்டும் போயிருந்தால் நத்தை. தண்டோடு போயிருந்தால் முயல், எலி, சில சமயம் புறா. தொட்டியைத் தூக்கி எறியாதீர்கள். ஓக்கின் இரண்டு பருப்பும் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். வேரில் சத்து ஏற்றிக்கொடுத்தபடி இருக்கும். தண்டு போனாலும் அடியிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். இரண்டு மூன்று தளிராக வந்தால் நிமிர்ந்து நிற்பதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மே மாத உறைபனியில் புதுத் தளிர் கறுத்துத் தொங்கினாலும் இதே போலத்தான். சில வாரத்தில் மறுபடி துளிர்க்கும்.

இலையில் வெள்ளைப் பொடி

சாம்பல் நோய். ஐரோப்பாவில் 1907 வாக்கில்தான் ஓக்கில் இது தலைகாட்டியது. இன்று இது இல்லாத நாற்றங்கால் இல்லை. ஓக் வருடத்தில் இரண்டு முறை துளிர்க்கும்: வசந்தத்தில் ஒரு தடவை, ஜூலை கடைசி, ஆகஸ்ட் வாக்கில் இன்னொரு தடவை. இரண்டாவது துளிர் செக்கச்செவேலென்று அழகாக வரும். நோய் முதலில் பிடிப்பதும் அதைத்தான். வளர்ந்த மரம் இதைச் சட்டை செய்யாது. முதல் ஆண்டு நாற்றுக்கு மட்டும் வளர்ச்சி கொஞ்சம் தடைப்படும். தொட்டிகளை நெருக்கமாக வைக்காமல் காற்றோட்டம் விட்டு வையுங்கள். தண்ணீரை இலையில் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள். ரொம்ப மோசமான இலையைக் கிள்ளிவிடலாம். பத்து நாற்றுக்கு மருந்து வாங்குவது வீண் செலவு.

பொடி எதுவும் இல்லாமல் இலையே பிறந்ததிலிருந்து தூய வெள்ளையாக இருக்கிறதா? அது நோயல்ல. பச்சையம் இல்லாமல் பிறந்த நாற்று. கொட்டையில் உள்ள சத்து தீரும்வரை இருக்கும், அப்புறம் போய்விடும்.

நவம்பரில் இலையெல்லாம் பழுப்பு, ஆனால் உதிரவில்லை

செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு. இளம் ஓக் காய்ந்த இலையை வசந்தம் வரை பிடித்துக்கொண்டிருப்பது இயல்பு. நகத்தால் தண்டைத் துளி சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் சரி.

நாற்று தாய்மரத்தின் சாயலில் இல்லை

இருக்காது. முதுமரத்தடியில் பொறுக்கிய கொட்டைக்கு அம்மா யாரென்று தெரியும். அப்பா காற்றில் வந்தவர். அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் நேற்றைய மரமாகவும் இருக்கலாம். இங்கிலிஷ் ஓக்கும் செஸைல் ஓக்கும் தாராளமாகக் கலக்கும், ஆகவே காம்பு நீளம், இலை வடிவம் எல்லாம் நடுவாந்திரமாக வருவதும் சகஜம். அந்த மரத்தின் அச்சு அசலான நகல் வேண்டுமென்றால் ஒட்டுக் கட்ட வேண்டும்.

அம்மாவும் அந்த மரம்தானா என்பதே சில இடங்களில் சந்தேகம். பக்கத்து மரத்தின் கிளை மேலே நீண்டிருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பொறுக்குங்கள்.

இதற்காக மனம் தளர வேண்டியதில்லை. ஷ்ராப்ஷையரில் பாஸ்கோபெல் என்ற இடத்தில், 1651-இல் வுஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஏறி ஒளிந்துகொண்ட ஓக் மரத்தைப் பார்க்கக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் நினைவுக்கென்று கிளை கிளையாக ஒடித்தே அந்த மரத்தை அழித்துவிட்டார்கள். இப்போது அங்கே நிற்பதை அதன் வாரிசு என்று நம்புகிறார்கள். அதைப் பார்க்கவும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பேர் பெற்ற ஒரே மரத்துக் கொட்டையைத் தேடி அலைவதைவிட, அதே காட்டில் பேரில்லாத ஐந்தாறு முதுமரங்களிலிருந்து எடுத்துக் கலந்து நடுவது நல்லது. அந்த மண்ணில், அந்தக் குளிரில் சில நூறு ஆண்டு தாக்குப்பிடித்த குணம் எல்லாவற்றிலும் இருக்கிறது; ஒரே தாயை நம்பி இருக்கவும் வேண்டாம்.

நட்ட கன்று வருடமாகியும் அப்படியே நிற்கிறது

முதலில் புல்லைப் பாருங்கள். ஓக் கன்றைக் கொல்வதில் முயலுக்குப் பிறகு புல்தான். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல் இல்லாமல் இலைமக்கோ மரச்சீவலோ போட்டு மூடுங்கள். தண்டில் படாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அது சரியாக இருந்தும் வளரவில்லையென்றால் வேர்தான். சிறிய தொட்டியில் இரண்டு மூன்று ஆண்டு கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுற்றிச் சுற்றி வளையமாகியிருக்கும். இலை உதிர்ந்த பிறகு, நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவே, தோண்டி எடுத்து, வளையத்தை வெட்டிவிட்டு, நேராக இறக்கி நடுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் வறட்சி வந்தால் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஆழமாக ஊற்றுங்கள்; தினம் ஒரு செம்பு தெளிப்பதால் பயனில்லை. நிழலும் ஒரு காரணமாகலாம். ஓக் வெயில் தேடும் மரம், பெரிய மரத்தின் குடைக்குக் கீழே நட்டால் சும்மா நிற்கும். அதனால் முதுமரத்துக்குப் பக்கத்திலேயே அதன் பிள்ளையை நட்டுவைக்கும் ஆசையை விடுங்கள். குழி தோண்டுவது பழைய மரத்தின் வேருக்கும் கேடு. இங்கே முதுமரத்தைச் சுற்றிக் கட்டடம் கட்டுகிறவர்களுக்கே, அடிமரத்தின் விட்டத்தைப் போலப் பதினைந்து மடங்கு தூரம் தள்ளி நில் என்றுதான் அரசு அறிவுரை.

பிளாஸ்டிக் குழாய்க்குள் நட்ட கன்று உயரமாக, ஆனால் ஈர்க்குச்சியாக வளர்ந்திருந்தால் குழாயை உடனே உருவிவிடாதீர்கள், காற்றில் மடிந்துவிடும். குழாயை நீளவாக்கில் கீறி விட்டு, ஒரு முளைக்குச்சியில் தாழ்வாக, தளர்வாகக் கட்டிவையுங்கள். தண்டு ஆடினால்தான் தடிக்கும். தண்டு குழாயை நெருக்கும் அளவு பருத்ததும் குழாயைக் கழற்றி எடுத்து வந்துவிடுங்கள். மான் வரும் இடமாக இருந்தால் கழற்றிய கையோடு கம்பி வலைக் கூண்டு போடுங்கள். சிறு மான்களுக்கு 1.2 மீட்டர் உயரம் போதும். ஃபாலோ மான் உள்ள இடத்தில் 1.8 மீட்டர் வேண்டும்.